செவல்குளம் தின்ற கல்யாணங்கள்

அருமைநாயகத்தின் ஹார்டு டிஸ்க்கைச் செவல்குளம் ஊரே உட்கார்ந்து சோறாகத் தின்று தீர்த்த வருஷத்தில், பெத்தணனின் தங்கச்சி செண்பகவடிவு செத்து ஏழெட்டு மாசம் ஆகியிருந்தது. ஆனால் பெத்தணன் அவள்மேல் வைத்திருந்த கோபத்துக்கு மட்டும் இன்னும் சாவு வரவில்லை. அது தினமும் அவரோடு எழுந்தது, அவரோடு குளித்தது, அவருக்கு முன்னால் சாப்பிட உட்கார்ந்தது.

கோபம் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண மேடையில் பிறந்தது. செண்பகவடிவின் மகள் ஜெயசுதாவுக்கு நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியது தாய்மாமனான பெத்தணன். அந்தப் பக்கத்து வழக்கத்தில் தாய்மாமன் தானாக மேடை ஏறக் கூடாது. பெண்ணைப் பெற்றவள் மேடையில் நின்று வாய் திறந்து, நாலு பேர் பார்க்க, "அண்ணே, வா" என்று கூப்பிட வேண்டும், அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்ற வேண்டும். பெத்தணன் பட்டுத்துணியும் பட்டமும் வைத்த தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு மேடைக்குக் கீழே, வாழைமரம் கட்டிய தூணோரம் நின்றார். மேளம் கொட்டியது, புகை எழும்பியது, யார் யாரோ ஏறினார்கள், யார் யாரோ இறங்கினார்கள், பெத்தணன் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் பெரியப்பா மகன் ஒருத்தன், சிமெண்டு ஏஜென்சி வைத்திருந்தவன், விறுவிறுவென்று ஏறி வேறொரு பட்டத்தைக் கட்டிவிட்டு இறங்கிவிட்டான். பெத்தணன் தாம்பாளத்தைத் தூணடியில் வைத்துவிட்டு, இலையில் உட்காராமல் மண்டபத்தை விட்டு வெளியேறினார்.

"மூணு தரம் கூப்பிட்டேன். அண்ணன் கல்லு மாதிரி நின்னுச்சு" என்று செண்பகவடிவு சொன்னாள். சாகிற வரைக்கும் சொன்னாள்.

"ஒரு தரம் கூப்பிடல. பணக்காரன் வந்ததும் என்னை மறந்துட்டா" என்று பெத்தணன் சொன்னார். அவள் செத்த பிறகும் சொன்னார். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை மனைவி பொன்னுத்தாயிடம் கொடுத்தனுப்பிவிட்டு, அவர் குளத்துக் கரையில் போய் உட்கார்ந்து, தங்கச்சியைத் தூக்கிப் போகிற கொட்டுச் சத்தம் தேய்ந்து அடங்குகிற வரைக்கும் நீர்க்காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யார் சொன்னது உண்மை என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. ஸ்டூடியோ வைத்திருந்த அருமைநாயகம் அந்தக் கல்யாணத்தை வீடியோ எடுத்திருந்தார். செவல்குளத்தில் நடந்த அத்தனை கல்யாணங்களையும் அவர்தான் எடுத்தார். எடுத்ததையெல்லாம் செங்கல்லில் பாதி அளவுள்ள ஒரு கறுப்புப் பெட்டிக்குள், அந்த ஹார்டு டிஸ்க்குக்குள், போட்டு வைத்திருந்தார். அத்தனை வருஷமும் பெத்தணன் அதைப் போய்ப் பார்க்கவில்லை. போய்ப் பார்த்தால் தனக்கே சந்தேகம் என்று ஆகிவிடும், பார்க்க வேண்டியவள் அவள்தான் என்று வீம்பாக இருந்தார். அவள் செத்த பிறகுதான், பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில், கூப்பிட்டிருந்தால் என்ன செய்வது என்ற எண்ணம் சின்ன முள் மாதிரி உள்ளே போய் ஒடிந்துகொண்டது.

அப்போது ஐப்பசி அடைமழை. "மழை நிக்கட்டும் அண்ணாச்சி, எடுத்துப் போட்டுக் காட்டுதேன்" என்றார் அருமைநாயகம். மழை நிற்பதற்குள் ஸ்டூடியோவின் தளம் ஒழுகி, ஒழுகிய தண்ணீர் ஊரில் வேறு இடமே இல்லாததுபோல் நேராக அந்தப் பெட்டியின் தலையில் விழுந்தது.

அருமைநாயகம் பெட்டியைத் துண்டில் சுற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார். கூடவே பெத்தணனும் பஸ் ஏறினார். வேண்டாம் என்று சொல்ல அருமைநாயகத்துக்குத் தைரியம் வரவில்லை. ரிப்பேர் கடைக்காரன் பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டான். உள்ளே டக், டக், டக் என்று யாரோ பூட்டிய கதவைத் தட்டுகிற சத்தம்.

"உள்ள தட்டு சுத்துது அண்ணாச்சி. படிக்கிற முள்ளு ஒடிஞ்சு தட்டுல உரசுது. நீங்க கரண்டு குடுத்துக் குடுத்துப் பார்த்திருக்கீங்க, ஒவ்வொரு தடவையும் சுரண்டியிருக்கு. இனிமே தொடாதீங்க. மெட்ராஸ்ல தூசி இல்லாத ரூம் வெச்சுப் பிரிச்சுப் பாப்பாங்க. வந்தா வரும்."

"வரலைன்னா?" என்று கேட்டார் பெத்தணன்.

"வரலைன்னா வராது."

"இதைச் சொல்லதுக்கு ஒரு கடை, அதுக்கு ஒரு போர்டு" என்றார் பெத்தணன். அந்தக் கடைக்காரனையும் அன்றே தன் கோபக்காரர்கள் வரிசையில் சேர்த்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பியதும் டீக்கடையில் எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தண்ணியில் விழுந்த செல்போனை அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஈரத்தை உறிஞ்சி உயிர் வந்துவிடும், இதுவும் அந்தச் சாதிதானே என்று ஒருத்தர் சொன்னது அருமைநாயகத்துக்குப் பிடித்துப்போனது. வீட்டில் இருந்த அரிசி டின்னுக்குள் பெட்டியை அடிவரைக்கும் புதைத்து, மூடி, மேலே ஒரு சின்ன ஜெபமும் செய்துவிட்டு, மனைவி ஞானம்மாளிடம் சொல்ல மறந்துபோனார்.

செவல்குளம் சர்ச்சில் வருஷா வருஷம் அசனம் நடக்கும். வீட்டுக்கு வீடு அரிசி வாங்கி, ஒன்றாகக் கொட்டி, பெரிய கொப்பரைகளில் சோறாக்கி, எந்தச் சாதி, எந்தச் சாமி என்று கேட்காமல் ஊர் முழுக்க உட்காரவைத்துச் சாப்பாடு போடுவார்கள். அரிசி வாங்க ஆள் வந்தபோது ஞானம்மாள் மனசு குளிர்ந்து டின்னையே வழித்துக் கொடுத்துவிட்டாள். கறுப்புப் பெட்டி டின்னின் அடியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். காலித் தீப்பெட்டி மாதிரி கனமே இல்லாமல் இருந்தது. தட்டுகிற சத்தமும் இல்லை.

அசனத்தன்று முதல் பந்தியில் முதல் வாய் வைத்தவர் பால்காரர். வைத்த கை வாயிலேயே இருக்க அசையாமல் உட்கார்ந்துவிட்டார். "யாரோ எனக்கு மாலை போடுதாங்க" என்றார் விழுங்கிவிட்டு, "சம்மங்கி வாசம் அடிக்கி." அடுத்த இலையில் இருந்தவளுக்கு யாருடைய மடியிலோ ஒரு பிள்ளை பலூனுக்கு அழுதது. அதற்கடுத்த இலையில் இருந்தவருக்கு யார் கல்யாணத்திலோ நாதஸ்வரக்காரர் தாடையைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். சோறு வாயில் இருக்கிற வரைக்கும் கல்யாணம் கண்ணுக்குள் நடந்தது, விழுங்கினால் முடிந்துபோனது, ஒரு வாயில் வந்தது இன்னொரு வாயில் திரும்ப வரவில்லை. பந்தி முழுக்கச் சத்தம் அடங்கி மெல்லுகிற ஓசை மட்டும் கேட்டது. யாரும் பயப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் குழம்பு வேண்டாம், வெறும் சோறு போடுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பெத்தணன் மூன்றாம் பந்தி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அவருக்கு வந்ததெல்லாம் ஓடாத ஒரு மின்விசிறி, அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், முதுகு சொறிகிற சமையல்காரர், யாரோ ஒரு மணப்பெண்ணின் மருதாணிக் கால். "ஊர்ல ஆயிரம் நல்ல காட்சி இருக்கு, எனக்குன்னு பாத்து நாற்காலியை அனுப்புதான்" என்று மேலே பார்த்துச் சொன்னார். எந்தச் சாமியைச் சொன்னார் என்று பொன்னுத்தாய் கேட்கவில்லை.

அசனம் முடிந்து மூட்டைகள் மிஞ்சின. அவற்றைச் சர்ச்சுக்குள் வைத்துப் பூட்டி, ஐயர் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். அந்தப் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டிக்குள் எந்தெந்த வீட்டுக் கல்யாணம் இருந்ததோ அந்தந்த வீட்டுக்கு ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் ஒரு படி அரிசி என்று அவர் தீர்ப்புச் சொன்னார். எந்த வீட்டுப் படியில் எந்த வீட்டுக் கல்யாணம் விழும் என்பதைக் கர்த்தர்தான் அறிவார் என்றும் சொன்னார்.

ஊர் பழகிக்கொண்டது. மெல்லுகிறவரிடம் பேசக் கூடாது என்று ஒரு மரியாதை வந்தது. செத்தவர் யாராவது வாயில் வந்தால் கை கழுவின கையோடு அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும், சொல்கிறவருக்கு அவர்கள் காப்பி கொடுக்க வேண்டும். "உங்க மாமனார் பந்தியில நின்னு மோர் கேட்டாரு, பல்லெல்லாம் இருந்துச்சு" என்று ஒருத்தி சொல்ல, கேட்டவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சர்க்கரை வியாதிக்காரர்கள் டாக்டரிடம் பொய் சொன்னார்கள். தன் புருஷன் எவளோ ஒருத்திக்குப் பன்னீர் தெளிப்பதை ஒரே வாயில் ஐந்து தடவை மென்று பார்த்துவிட்டு ஒருத்தி தாய் வீட்டுக்குப் போனாள். வாலிபர்கள் மெல்லுகிறவர்களின் வாய்க்கு நேரே செல்போனைப் பிடித்துப் பார்த்தார்கள், பல்தான் பதிவானது. திருநெல்வேலிக் கடைக்காரன்கூட கேள்விப்பட்டு வந்து, ஒரு வாய் தின்று, "நாங்க எடுத்திருந்தாலும் இப்படித்தான் அண்ணாச்சி வந்திருக்கும். பேரு, தேதி ஒண்ணும் இருக்காது. எல்லாம் துண்டு துண்டாத்தான் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு, ரசமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

ஒரே ஒரு குறை இருந்தது. சில வாயில் பேச்சு கேட்டது, சில வாயில் சினிமாப் பாட்டு மட்டும் கேட்டது. பெத்தணன் அருமைநாயகத்தை ஸ்டூடியோ வாசலிலேயே பிடித்தார்.

"அது என்னவே பாட்டு?"

"எடிட்டிங்ல போடுததுதான் அண்ணாச்சி. கல்யாணத்துச் சத்தத்தை அப்படியே வெச்சா எவன் பாப்பான்? சந்தை இரைச்சல் மாதிரி இருக்கும். பேச்சை அழிச்சிட்டுப் பாட்டைப் போட்டாத்தான் அம்சமா இருக்கும்."

"அப்போ பேச்சு போச்சா?"

"முதல்ல எடுத்தது தனியா கிடக்கும். சிலதை இடம் பத்தலைன்னு அழிச்சிருப்பேன்."

"ஜெயசுதா கல்யாணத்துது?"

அருமைநாயகம் தலையைச் சொறிந்தார். "ரெண்டும் இருக்கும்னுதான் நினைக்கேன் அண்ணாச்சி."

"நினைக்காம இருந்துட்டுப் போயிருக்கலாம் நீரு" என்றார் பெத்தணன்.

பெத்தணனின் வீட்டுக் கல்யாணம் எதுவும் அந்தப் பெட்டியில் இல்லை. பிள்ளை இல்லாத வீடு. ஆகவே படி அரிசி அவருக்குக் கிடையாது. தன் வீட்டுப் பொன்னி அரிசியைக் கொண்டுபோய் அடுத்தவர்களிடம் கொடுத்து ஒரு கை, அரைக் கை என்று மாற்றி வாங்கிவந்தார். பொன்னுத்தாய் தனிச் சட்டியில் வடித்துப் போடுவாள். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒவ்வொரு வாயாக மென்று, ஒவ்வொரு வாயாகத் தலையாட்டுவார்.

"செத்தவங்க முகத்தைப் பாக்கணும்னு ஊர் திங்குது. செத்தவ பொய் சொன்னாளான்னு பாக்கத் திங்கது நீங்க ஒரு ஆளுதான்" என்றாள் பொன்னுத்தாய்.

"பொய் சொன்னான்னா நான் சொன்னது நிஜம்."

"நிஜமா இருந்தா இனி யாருக்கு?"

பெத்தணன் விழுங்கிவிட்டு, "தவில்காரன் தூங்குதான்" என்றார்.

கார்த்திகை போனது, மார்கழி போனது. மூட்டை மூட்டையாக இருந்தது ஒரு மூட்டையாகி, அரை மூட்டையாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயர் வெறும் சாக்கை உதறிக் காட்டினார். கடைசிப் படிகளில் ஒன்று செண்பகவடிவின் புருஷன் தங்கப்பழத்தின் வீட்டுக்குப் போயிருந்தது. மற்ற வீடுகளில் பெத்தணன் கேட்டுப் பார்த்தார். எல்லோரும் தின்று முடித்திருந்தார்கள். யாருக்கும் பட்டம் கட்டுகிற காட்சி வரவில்லை. மிச்சம் இருந்தது அந்த ஒரே வீடு, அவர் அத்தனை வருஷமாக வாசல் மிதிக்காத வீடு.

காலையில் சட்டையை மாற்றினார், கழற்றினார், திரும்பவும் போட்டார். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். "அங்கே அடுப்பு மூட்டியாச்சாம்" என்றாள் பொன்னுத்தாய், வேறு யாரிடமோ சொல்வதுபோல. அதற்குப் பிறகு அவர் நிற்காமல் நடந்தார்.

தங்கப்பழம் வாசலில் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். பெத்தணனைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "வாங்க மச்சான்" என்றார்.

"சாப்பிட வரல" என்றார் பெத்தணன்.

"தெரியும். சாப்பிடுததுக்குன்னா நீங்க வருவீங்களா? உள்ள வாங்க."

ஜெயசுதா புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்தாள். மாமனைப் பார்த்ததும் இரண்டாவது இலையைக் கொண்டுவந்து அப்பாவின் இலைக்கு எதிரே போட்டாள். செண்பகவடிவின் படத்துக்குப் பூ வைத்திருந்தது. பெத்தணன் அந்தப் பக்கம் முதுகு காட்டுகிற மாதிரி உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லிடுதேன்" என்றார் தங்கப்பழம். "நீங்க எதைத் தேடுதீங்கன்னு ஊருக்கே தெரியும். அவ கூப்பிட்டாளா, கூப்பிடலையா, எனக்கு அது வேண்டாம். நான் மேடையில இருந்தும் ஓமப்புகையில கண்ணு எரிஞ்சு ஒண்ணும் பாக்கல. எனக்கு அவ குரல் வேணும். வீட்டுல அவ குரல் ஒண்ணுமே இல்ல மச்சான். போன்ல பேசினதைக்கூட பிடிச்சு வைக்கத் தெரியல எனக்கு. உங்களுக்கு வந்தா அவ எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்லிக் காட்டுங்க. அவ்வளவுதான்."

"உங்களுக்கு வந்தா?"

"எனக்கு வந்தா நானும் மறைக்க மாட்டேன். அவமேல சத்தியம்."

பெத்தணன் தலையசைத்தார். ஜெயசுதா இரண்டு இலையிலும் மாற்றி மாற்றிப் போட்டாள், ஒரு கரண்டிகூட ஒரு பக்கம் கூடிவிடாமல். தங்கப்பழத்துக்கு ஒரு சந்தனக் கிண்ணம் வந்தது, மண்டபத்து வாசலில் கிடந்த செருப்புகள் வந்தன. பெத்தணனுக்கு யாருடைய கல்யாணத்திலோ ஜெனரேட்டர் ஓடியது. தங்கப்பழத்துக்குச் சின்னப் பிள்ளைகள் ஐஸ்கிரீமுக்கு அடித்துக்கொண்டார்கள். ஒருவர் விழுங்கும்போது மற்றவர் முகத்தைப் பார்ப்பார், தலை ஆடும், அடுத்த வாய். சட்டியில் கரண்டி சுரண்டுகிற சத்தம் கேட்டது. ஜெயசுதா கடைசியாக ஒட்டியிருந்த பருக்கைகளை வழித்து, அப்பாவுக்குப் போடக் குனிந்தவள், தங்கப்பழம் இலையைக் கையால் மறித்ததால் மாமனின் இலையில் போட்டாள்.

பெத்தணன் அதை உருட்டி வாயில் வைத்தார்.

மண்டபம் வந்தது. தூண் வந்தது, வாழைமரம் வந்தது, அதன் கீழே தாம்பாளத்தோடு தலைமுடி கறுத்திருந்த அவரே நின்றுகொண்டிருந்தார். மேடையில் செண்பகவடிவு அரக்கு நிறப் பட்டில், மூக்குத்தி பளிச்சென்று அடிக்க, மகளின் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கையை எடுத்தாள். நிமிர்ந்தாள். கழுத்தைத் திருப்பி, கூட்டத்தின் மேலாக, தூணை நேராகப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

அவள் வாயிலிருந்து யாரோ ஒரு சினிமாக்காரி பாடினாள். நிலா என்றாள், தென்றல் என்றாள், பின்னால் முப்பது வயலின் இழைந்தது. செண்பகவடிவின் உதடு மூடியது. திரும்பவும் திறந்தது. பாட்டு அந்த வாய்க்குள் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தி உட்கார்ந்தது. கூப்பிடுகிறாளா, மூச்சு வாங்குகிறாளா, பக்கத்தில் இருந்தவளிடம் பூவுக்கு ஊசி கேட்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை. தூணடியில் நின்ற ஆள் அசையவில்லை. அவன் கண் எங்கே இருந்தது என்று பார்ப்பதற்குள் ஓமப்புகை வந்து அவனை மூடியது.

பெத்தணன் சோற்றை நாக்கால் ஒரு பக்கத்துக் கன்னத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளினார். செண்பகவடிவு மறுபடியும் மகளின் தலையில் கையை வைத்தாள், எடுத்தாள், நிமிர்ந்தாள், தூணைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். மறுபடியும் நிலா, மறுபடியும் தென்றல்.

தங்கப்பழம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டார். இலையைத் தாண்டி முழங்காலில் நகர்ந்து வந்தார்.

"வந்துட்டாளா? மச்சான், வந்துட்டாளா? எப்படி இருக்கா?"

பெத்தணன் தலையை அசைத்தார்.

"பேசுதாளா? கூப்பிட்டாளா உங்களை? எப்படிக் கூப்பிட்டா, சொல்லுங்க, அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"மாமா" என்றாள் ஜெயசுதா. சட்டி அவள் மடியில் இருந்தது. "அம்மா நல்லா இருக்காளா மாமா?"

பதில் சொல்ல வேண்டுமென்றால் விழுங்க வேண்டும். விழுங்கினால் அவள் போய்விடுவாள், அதற்குப் பிறகு ஊரில் ஒரு பருக்கை கிடையாது. விழுங்கினாலும் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கூப்பிட்டாள் என்று சொன்னால் அத்தனை வருஷமும் அவர் தலையில் இடிந்து விழும். கூப்பிடவில்லை என்று சொல்ல, இப்படி இந்தப் பக்கம் பார்த்து வாயைத் திறந்து வைத்திருக்கிறவளைப் பார்த்துக்கொண்டே, அவருக்கு நாக்கு வரவில்லை. தங்கப்பழம் அவருடைய இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, குழந்தையிடம் கேட்பதுபோல், "மச்சான், மச்சான்" என்றார்.

மெல்லாமல் வைத்திருந்தால் நிற்கும் என்று நினைத்து பெத்தணன் தாடையை இறுக்கினார். ஆனால் எச்சில் தானாக ஊறியது. சோறு கொஞ்சம் கொஞ்சமாகக் கூழானது. அரக்குப் பட்டு வெளுத்தது, மூக்குத்தி அணைந்தது, மகளின் தலையில் பூ இருந்த இடம் தெரியாமல் போனது. கடைசியில் தூணையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகமும் திறந்த வாயும் மட்டும் இருந்தன. பெத்தணன் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணிலிருந்து வழிந்தது விரல்களின் மேல் ஓடியது. தொண்டை, அவர் எவ்வளவு தடுத்தும், ஒரு தடவை ஏறி இறங்கியது.